மஞ்சள் விளக்கின் மேல் ஒரு வழக்கு

"அபராதத்தைத் தள்ளுபடி பண்ணியாச்சு, நீங்க கிளம்பலாம்மா."

விசாரணை அதிகாரி வழக்குக் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். எதிர் நாற்காலியில் இருந்த பெண் எழுந்திருக்கவில்லை.

"தள்ளுபடி வேண்டாம் சார். விசாரிங்க."

காதில் விழுந்தது சரிதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கேமரா பிடித்துக் கொடுத்த அபராதத்தை எதிர்த்து அந்த அறைக்கு வருகிறவர்கள் அழுவார்கள், கத்துவார்கள், மாமனார் பெரிய பதவியில் இருப்பதாகச் சொல்வார்கள். தள்ளுபடி என்று கேட்டதும் நன்றி சொல்லக்கூட நிற்காமல் ஓடிவிடுவார்கள். வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"சிவப்புல போயிருக்கீங்க. முதல் தடவைங்கிறதால இரக்கப்பட்டு விட்டுட்டேன். இன்னும் என்ன வேணும்?"

"இரக்கப்பட்டு விட்டா தப்பு என் மேலன்னு ஆயிடும். நான் தப்பு பண்ணல சார்."

அவர் கோப்பை மறுபடி திறந்தார். தொழில் என்ற இடத்தில், டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்று இருந்தது. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"ஓ, டீச்சரா! சிக்னல்ல மாட்டின டீச்சர்கிட்ட எவன் கத்துக்க வருவான்னு பயம். அதானே?"

டீச்சர் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"அந்த வீடியோவை ஒரு தடவை போடுங்க சார்."

போட்டார். சின்ன கார் ஒன்று நிதானமாக வந்தது. பச்சை எரிந்தது. மஞ்சள் எட்டிப் பார்த்தது. கார் கோட்டைத் தொடுவதற்குள் சிவப்பு விழுந்து, கேமரா பளிச்சென்று மின்னியது.

"பிரேக் போட்டிருக்கலாமே?"

"போட்டிருந்தா, பின்னால வந்தாரே லாரிக்காரர், அவர் என் டிக்கியில உட்கார்ந்திருப்பார். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவுல மஞ்சள் கொஞ்ச நேரம் நிக்கணும் சார். இங்க அது தும்மல் மாதிரி வந்துட்டுப் போயிடுது."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. இந்த அம்மாவை எழுப்ப வேறு வழியில்லை என்று தெரிந்து, மாடியில் இருந்த சிக்னல் இன்ஜினியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இன்ஜினியர் லேப்டாப்போடு வந்தார். "எல்லாம் கம்ப்யூட்டர் சார், தப்பே வராது" என்று சொல்லிக்கொண்டே அந்தச் சந்திப்பின் அமைப்பைத் திறந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னய்யா?"

"அந்த ரோட்டோட வேகத்துக்கு மஞ்சள் இன்னும் நின்னு எரியணும் சார். பாதி நேரம்தான் எரியுது."

"அதனால?"

"ஒழுங்கா வர்ற வண்டிகூட சில நேரம் நிக்கவும் முடியாது, தாண்டவும் முடியாது."

"யார் குறைச்சது?"

"கேமரா மாட்டின அன்னைக்குப் புதுசா செட்டிங் போட்டிருக்காங்க. அப்போலேர்ந்தே இப்படித்தான் இருக்கு. யாரும் கேக்கல சார்."

அதிகாரி பெருமூச்சு விட்டபடி தட்டச்சு செய்தார். ஓட்டுநர் மீது குற்றமில்லை, விளக்கின் நேர அமைப்பே தவறு என்று முடித்தார்.

"இப்பவாவது திருப்தியா?"

"கேமரா மாட்டின நாள்லேர்ந்தே தப்புன்னு சார் சொன்னாரே, அதையும் சேர்த்துடுங்க."

"நீங்க மாட்டினது போன மாசம். அதுக்கு முன்னால நடந்தது உங்களுக்கு எதுக்கும்மா?"

"உண்மைதானே சார். சேர்த்துடுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்க்க, இன்ஜினியர் தலையசைத்தார். அந்த வரியும் ஏறியது. கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன.

டீச்சர் உத்தரவை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தாளைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு எழுந்தாள்.

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சாதாரண அபராதத்துக்கு யாராவது இவ்வளவு பிடிவாதம் பிடிப்பாங்களா?"

"அந்த சிக்னல்ல சிவப்புல போய் ஒருத்தர் மேல வண்டியை ஏத்திட்டான்னு என் தம்பி ஜெயில்ல இருக்கான் சார்" என்றாள் அவள். "மஞ்சளைச் சோதிச்சுப் பாருங்கன்னு எழுதிப் போட்டா, அபராதம் வாங்கினவங்கதான் அதைக் கேக்க முடியும்னு உங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அதான், கேமராவுல மாட்டுற வரைக்கும் தினம் அந்த ரோட்டுல சட்டப்படி வண்டி ஓட்டினேன்."