கொல்லையில் நாலாவது கழிப்பறை

விண்ணப்பித்த மறுநாளே கட்டட அனுமதி டிரோன் சுபத்ரா வீட்டுக் கொல்லையில் வந்து இறங்கியது.

"வீட்டுக்குள் மூன்று கழிப்பறைகள் இருக்கின்றன. நாலாவது யாருக்கு?"

"வேலைக்கு வர்ற பொன்னுத்தாயிக்கு."

டிரோன் பொன்னுத்தாயி பக்கம் திரும்பியது. "இதுவரை எங்கே போய்வந்தீர்கள்?"

சுபத்ரா சட்டென்று பொன்னுத்தாயியைப் பார்த்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"வீட்டுக்குள்ளதானுங்க. அக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அப்படியானால் தேவையில்லை. அனுமதி மறுக்கப்படுகிறது."

டிரோன் பறந்து மறைந்ததும் பொன்னுத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தாள்.

"பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறனுங்க்கா. அது கிளம்பட்டும்னுதான் இவ்வளவு நேரம் அடக்கிட்டு இருந்தேன்."

சுபத்ராவுக்கு உடம்பே கூசியது. உள்ளேயே போ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்க் கேட்டைத்தான் திறந்துவிட்டாள்.