நடு ஆற்றில் பிறந்த கன்று

ஈராக்குக்கும் ஈரானுக்கும் எல்லையான ஷத்துல் அரபு ஆற்றின் நடுவே புதிதாக ஒரு வண்டல் திட்டு மினுங்குகிறது. எல்லைக்கோடு அதற்கு எந்தப் பக்கம் ஓடுகிறதென்று எவருக்கும் தெரியவில்லை. நீந்திப் போன ஹஸ்னாவின் எருமை அங்கே கன்று போட்டிருக்கிறது. கடலேற்றத்தில் தண்ணீர் திட்டைச் சுற்றி உயர்கிறது. ஈரக் கன்றுக்கு இன்னும் கால் ஊன்ற வரவில்லை. ஈராக் கரைப் பேரீச்ச மரங்களுக்கிடையே நின்று ஹஸ்னா கத்துகிறாள்: "அண்ணே, அல்லா உங்களுக்கு நல்லது செய்வான், அதத் தூக்கிருங்க!" ஈரான் கரையில் வலை உலர்த்தும் கத்பான் சிரிக்கிறான். "எங்க மண்ணுல பொறந்ததும்மா, திருப்பித் தருவேனா?" சொல்லிக்கொண்டே படகைத் தள்ளுகிறான். திட்டிலிருந்து கன்றைத் தூக்கிப் படகில் காலடியில் கிடத்தி, அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, ஈராக் பக்கம் துடுப்புப் போடுகிறான். எருமை மூசிக்கொண்டு பின்னால் நீந்துகிறது. ஈராக் காவல் கோபுரத்தில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு எழுகிறான். துடுப்பு அப்படியே நிற்கிறது. ஹஸ்னா வாயைப் பொத்திக்கொள்கிறாள். சிப்பாய் எக்கிக் குனிந்து படகுக்குள் பார்க்கிறான். "கிடேரியா, கடாவா?"