ஆட்டுக்குக் கீரை

“ஏம்மா, நம்ம வூட்டுல ஆடே இல்லியே. அப்புறம் ஏன் எல்லாருகிட்டயும் ஆட்டுக்குக் கீரைன்னு சொல்ற?”

ஐந்து வயது செல்லம்மாள் ஒருநாள் இப்படிக் கேட்டபோது, தீர்த்தம்மாள் அவசரமாக அவள் வாயைப் பொத்தினாள்.

வேறென்ன செய்வாள்? மழை பொய்த்து இது மூன்றாவது வருஷம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷனிடமிருந்து இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. பொம்மிடிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊரில் பச்சை என்று கண்ணில் படுவது அந்தோணியார் கோயில் முற்றத்தில் மட்டும்தான். அங்கே பாவியிருந்த பலகைக்கற்களின் சந்துகளில் புல் முளைத்துக் கிடந்தது. கிணற்றோர மூலையில், ஈரத்துக்குப் பருப்புக்கீரையும் படர்ந்திருந்தது. தீர்த்தம்மாள் இருட்டோடு போய், கைக்குத் தட்டுப்பட்டதைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். யாராவது பார்த்துவிட்டால், “ஆட்டுக்குங்க” என்பாள். கோயில் களையைப் பிள்ளைக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் பறித்து வந்தாள். கீரையைக் கடைந்து களியோடு முழுவதையும் மகளுக்கே போட்டாள்.

பத்து மணிக்குத் தண்ணீருக்குப் போனவளைக் கோயில் வாசலில் கூட்டிக்கொண்டிருந்த மிக்கேலம்மாள் தடுத்தாள்.

“உள்ள கால வெக்காத தீர்த்தா. நேத்துச் சாயங்காலம் உபதேசியார் முத்தம் பூரா களை மருந்து அடிச்சிட்டாரு. திருநாளுக்குள்ள எல்லாம் கருகிடுமாம்.”

தீர்த்தம்மாளின் இடுப்பிலிருந்து குடம் நழுவியது.

“பூராவுமாங்க்கா?”

“பூராவுந்தான். கொடிய வெசமாம். ஏன், உன் ஆடு தின்னுடுச்சா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அட, ஆடுதானே. செத்தா தோலாவது மிஞ்சும், போ” என்று சிரித்தாள் மிக்கேலம்மாள்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டுத் தீர்த்தம்மாள் வீட்டுக்கு ஓடினாள். செல்லம்மாள் வாசலில் சுருண்டு படுத்திருந்தாள்.

“வயிறு என்னமோ பண்ணுதும்மா. தூக்கமா வருது.”

தீர்த்தம்மாள் அவளை வாரியெடுத்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான். டாக்டர் என்ன மருந்து என்று கேட்பார். உபதேசியாரைத்தான் கேட்கவேண்டும். தெருவெல்லாம் ஊர் தெய்வத்தையும் அந்தோணியாரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் இன்னாசி கடுகடுப்பான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் பின்புறம் உட்கார்ந்து மருந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்தக் களையை… காலையில ஆடு தின்னுடுச்சுங்க.”

அவர் கை நின்றது. “எந்தப் பக்கத்துக் களை?”

“கிணத்தோர மூலைங்க.”

“நல்லாத் தெரியுமா? வேற பக்கம் ஒரு இலைகூடக் கிள்ளலியே?”

“இல்லீங்க. அங்க மட்டுந்தான்.”

பெரிதாக மூச்சு விட்டார். “அப்ப பயமில்ல. அங்க மருந்தே அடிக்கல.”

“பூராவும் அடிச்சிட்டதா அக்கா சொல்லுச்சுங்களே?”

“அவ கண்டாளா? அந்த மூலைக்கு வர்றதுக்குள்ள எனக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு. சரிதான் போன்னு விட்டுட்டேன்.”

தீர்த்தம்மாளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. இனி மறைப்பதில் என்ன இருக்கிறது? விளக்குமாறோடு மிக்கேலம்மாள் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். வந்தால் வரட்டும்.

“ஐயா, அது ஆடு இல்லீங்க. வந்து—”

“ஆடோ குட்டியோ, எதுவா இருந்தா எனக்கென்ன?” என்று வெடுக்கென்று வெட்டினார் உபதேசியார். “வேலை நேரத்துல வந்து நச்சரிக்காத. உன் ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாது. அந்தோணியார் சத்தியம்.” பிறகு செல்லம்மாளைப் பார்த்து, “நீ என்ன பாப்பா மூஞ்சியச் சுளிக்கிற? மாம்பிஞ்சு தின்னியா?” என்றார்.

“நாலுதான் தின்னேன்” என்றாள் செல்லம்மாள், தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

“ஆட்டுக்கு இவ்வளவு விசாரணையா? நல்ல கூத்து” என்றபடி மிக்கேலம்மாள் கடந்து போனாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே செல்லம்மாள் தோளிலிருந்து இறங்கி ஓடி விளையாட ஆரம்பித்துவிட்டாள். பஸ் ஏறாமல் வீடு திரும்பினாலும் தீர்த்தம்மாளின் பயம் போகவில்லை. மூன்று நாள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயில் முற்றத்துப் புல்தான் கருகிச் சாய்ந்தது.

விடிந்தால் திருநாள். கருகியதையெல்லாம் பிடுங்கியெடுக்க வேண்டும். அந்தத் தோள்பட்டையை வைத்துக்கொண்டு உபதேசியார் ஒண்டியாக எப்படிச் செய்வார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் தோள்வலி அல்லவா அவள் பிள்ளையைக் காப்பாற்றியது.

இருட்டோடு எழுந்து கோயிலுக்குப் போனாள். மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கல் சந்தாகக் கருகிய புல்லைப் பிடுங்கி, வாரி, வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். முற்றம் முழுக்க முடித்துக் கிணற்றோர மூலைக்கு வரும்போது பொழுது புலர்ந்துவிட்டது. மருந்தடித்த பிறகு அந்த மூலையை அவள் வெளிச்சத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அங்கே பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆடு மேயக்கூடிய புல்லையெல்லாம் யாரோ கையாலேயே வேரோடு பிடுங்கிச் சுவரோரம் குவித்திருந்தார்கள். கல் சந்துகளில் மனிதர் தின்னும் பருப்புக்கீரை மட்டும், ஒரு இலைகூட வாடாமல், பச்சைப்பசேலென்று நின்றுகொண்டிருந்தது.