கெளுத்தி மீசை

"அது ஆத்து மீனே இல்ல சார். சுத்தப் பண்ணை மீன்!"

பெரியவள் போட்ட சத்தத்தில் மீன் சந்தையே திரும்பிப் பார்த்தது.

பக்கத்துக் கடை அவளுடைய ஓரகத்தி சின்னவளுடையது. கொழுந்தனைக் கட்டி வந்தவள் நேற்றுதான் கடை போட்ட மாதிரி இருக்கிறது, அதற்குள் கூட்டமெல்லாம் அங்கேதான் மொய்க்கிறது. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. காலையிலிருந்து கை இங்கே எடை போட, கண் அங்கேயே கிடந்தது.

இப்போது அவளுடைய நெடுநாள் வாடிக்கை கண்ணாடிக்காரர், இவளிடம் ஒரு கெளுத்தியை முழுசாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொன்றுக்கு அந்தப் பக்கம் குனிந்துவிட்டார். பொறுப்பாளா?

"ஆத்துல தண்ணி வத்திக் கிடக்கு. இவளுக்கு மட்டும் எங்கேருந்து சார் தொட்டி நிறைய வருது?"

"பார்த்தா ஒரே மாதிரிதானேம்மா இருக்கு?"

"எப்படி சார் இருக்கும்? பண்ணையில சிமெண்ட் தொட்டி. உரசி உரசி மீசை குட்டையாயிடும். துடுப்பு, வாலெல்லாம் ஓரம் பிஞ்சிருக்கும். தீனி தின்னு வயிறு தொங்கும். ஆத்துக் கெளுத்திக்கு மீசை நீளம், உடம்பு ஒல்லி. தூக்கிப் பாருங்க, சாயம் வெளுக்கும்!"

சின்னவள் தொட்டிக்குள் கையை விட்டாள். ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள்.

மீசை நீளமாகத் தொங்கியது. துடுப்பில் ஒரு கிழிசல் இல்லை.

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது.

கண்ணாடிக்காரர் அதோடு விட்டிருக்கலாம். புதுசாகக் கற்ற பாடத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில் தன் பையைத் திறந்தார்.

"ஏம்மா, நீ கொடுத்ததுக்கு மீசையே காணோமே? வாலும் பிஞ்சிருக்கு. இத்தனை வருஷமா ஆத்து மீன்னு சொல்லி..."

பெரியவள் பதறிப்போய்த் தன் தொட்டிக்குள் பார்த்தாள். விடியற்காலையில் புருஷன் கொண்டுவந்து கொட்டிய மீன். பாதிக்கு மேல் குட்டை மீசை. சந்தையில் அவளுக்கென்று இருந்தது 'ஆத்து மீன்காரி' என்ற பேர் ஒன்றுதான். அது இத்தனை பேர் முன்னால் போகப்போகிறது.

"ஐயோ சார், அது என்னோட மீன்!" சின்னவள் குறுக்கே புகுந்தாள். "பண்ணையில கொஞ்சம் வாங்கினேன். காலையில இறக்கறப்ப அவசரத்துல அக்கா தொட்டியில கொட்டிட்டேன். அக்கா மேல தப்பில்ல. இந்தாங்க, இதை எடுத்துக்குங்க."

அவர் மீனை மாற்றிக்கொண்டு, சின்னவளை முறைத்துவிட்டுப் போனார். அவள் கடையில் நின்ற கூட்டமும் முணுமுணுத்தபடி கலைந்தது.

பெரியவள் அவள் பக்கம் நகர்ந்து வந்தாள். "நீ எப்போடி பண்ணை மீன் வாங்கினே?"

"நான் எங்கேக்கா வாங்கினேன்? அத்தானுக்குத் தோள்பட்டை வலி, வலை இழுக்க முடியல. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்பட்டு, பண்ணையில வாங்கிக் கலக்கறார்னு உங்க கொழுந்தன் சொன்னார்."

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே சின்னவள் சொன்னாள்: "கொஞ்ச நாளாவே உங்க தொட்டியில மீசை குட்டைதான்க்கா. நீங்கதான் என் தொட்டியையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க."