முதல் சீட்

“முப்பது பிள்ளைங்க போற பஸ்ல என் பொண்ணு மட்டும் ஏன் தனியா உட்காரணும்?”

தலைமையாசிரியை நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை. ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது. உட்கார்ந்தால் வேகம் குறைந்துவிடும்.

மகள் இரண்டாம் வகுப்பு. இந்தப் பள்ளிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதமும் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில்தான் அவளுக்கு இடம். பக்கத்தில் யாரும் உட்கார முடியாதபடி, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவின் கைப்பை இருக்கும். யார் அந்தப் பக்கம் போனாலும் ஆயா விரட்டுவாள். எந்நேரமும் “தள்ளு, தள்ளு” என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேரே ‘தள்ளு அக்கா’.

போன வாரம் ஒரு பையன் தன் பிறந்த நாளுக்கு மகளிடம் சாக்லேட் நீட்டியிருக்கிறான். தள்ளு அக்கா அதைப் பிடுங்கி வெளியே எறிந்தாளாம். மகள் இதைச் சொன்னபோது அழக்கூட இல்லை. அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

“வீட்டுல பொம்மைங்களை வரிசையா உட்கார வெச்சு பஸ் விளையாட்டு விளையாடுறா மேடம். ஒரு பொம்மை மட்டும் முன்னாடி தனியா இருக்கு. அதையும் சேர்த்து உட்கார வைடின்னு சொன்னா, ‘அது அங்கதாம்மா உட்காரணும்’கிறா.”

வீட்டில் இருப்பது அம்மாவும் மகளும் மட்டும்தான். அம்மா ஆபீஸ் விட்டு வரும் வரை அந்தக் குழந்தைக்குத் துணை பொம்மைகள்தான். பள்ளியிலாவது நாலு பேரோடு சேர்ந்து சிரிக்கட்டும் என்று நினைத்தால், அங்கேயும் இந்தக் கதி.

தலைமையாசிரியை ஆளனுப்பினார்.

தள்ளு அக்கா வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையில் வண்டி துடைக்கும் ஈரத் துணி. அதைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை பாருங்கள், அவ்வளவு பதற்றம்.

“அந்தக் குழந்தையை நீங்கதான் தனியா உட்கார வெச்சீங்களா?”

“ஆமாங்க மேடம்.”

“ஏன்?”

“வாந்தி எடுக்குங்க.”

“பச்சைப் பொய்,” என்றாள் அம்மா. “என் பொண்ணு எந்த வண்டியிலயும் வாந்தி எடுத்ததே இல்லை.”

தலைமையாசிரியை அம்மாவின் பக்கம் திரும்பினார். குழந்தைக்கு வேறு ஏதாவது உடம்புக் கோளாறு உண்டா, இந்த ஆயா கவனமாக இருக்கும்படி ஏதாவது, என்று கேட்டார்.

“ஒண்ணுமே கிடையாது,” என்றாள் அம்மா சட்டென்று. “சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கேனே.”

தள்ளு அக்கா ஒரு தரம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் மேல் வேறு புகார்களும் இருந்தன. சோப்புப் போட்டுக் கை கழுவினால்தான் பஸ்ஸில் ஏற்றுகிறாள், ஏறிய பிறகு தின்பண்டத்தைப் பிரிக்க விடுவதில்லை என்று மற்ற பெற்றோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை எல்லாவற்றையும் சேர்த்து வைத்து அவளைத் திட்டித் தீர்த்தார். நாளையிலிருந்து பஸ் வேண்டாம், மாடி வகுப்பறைகளைப் பெருக்கினால் போதும், அதுவும் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வந்தால் போதும் என்று முடித்துவிட்டார்.

தள்ளு அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. அவள் தனிக்கட்டை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகள் போடும் கூச்சல்தான் ஒரு நாளில் அவள் காதில் விழும் பேச்சு. இருந்தும், “சரிங்க மேடம்” என்று போய்விட்டாள்.

அம்மா வெளியே வந்தபோது கேட் பக்கத்தில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். கெஞ்சத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

“ஒரு நிமிஷங்க. நாளைக்கு வண்டியில யார் வருவாங்கன்னு தெரியலை. அவங்ககிட்ட நீங்களே ரகசியமா சொல்லிடுங்க. முதல் சீட்டைத் தினமும் சோப்புத் தண்ணி தொட்டுத் துடைக்கணும். பாப்பா பக்கத்துல வர்ற பிள்ளைங்க வேர்க்கடலை தின்ன கையோட வராம பார்த்துக்கணும். அன்னிக்கு அந்தச் சாக்லேட்டுலயும் கடலைதான் இருந்துச்சு.”

அம்மா சட்டென்று நின்று திரும்பினாள். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

“பாப்பாதாங்க. வந்த மூணாம் நாளே, பின் சீட்டுல ஒருத்தன் கடலைப் பொட்டலத்தைப் பிரிச்சான். பாப்பா நடுங்கிக்கிட்டே ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிச்சு. அது பட்டா மூச்சு முட்டிடும்னு சொல்லிச்சு. வெளியில சொல்லிடாதீங்க அக்கா, அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு சத்தியமும் வாங்கிக்கிச்சு.”

“அதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே,” என்றாள் அம்மா. “உங்க பஸ் வேலையாவது நிலைச்சிருக்குமே.”

“எப்படிங்க சொல்றது? போன ஸ்கூல்ல விஷயம் தெரிஞ்சதும், சாப்பாட்டு நேரத்துல பாப்பாவைத் தனி ரூம்ல ஒதுக்கி வெச்சாங்களாமே. அந்தப் பயத்துலதானே நீங்களே மறைச்சீங்க,” என்றாள் தள்ளு அக்கா. “நானா ஒதுக்கி வெச்சா, பொல்லாதவள்னு பேரு எனக்குத்தானே வரும்? பாப்பாவை யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்கல்ல.”