செத்த மேக்னெட்டோ

“தொர, எப்படியாவது இத்த ஓட வெச்சிக் குடுத்துட்டுப் போங்க தொர! இது இல்லாங்காட்டி எங்க ஊட்ல ஒல வைக்க முடியாது!”

வண்டியின் மட்கார்டைக் கட்டிக்கொண்டு மணவாளன் அழுத அழுகையில், நசரத்பேட்டைச் சாலையில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். ஜீப்பில் வந்திருந்த பட்டாளத்துத் துரைக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று.

துரையோடு வந்த மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் இரும்பில் வைத்துப் பிடித்தான். ஒரு சிப்பாய் ஹேண்டிலைப் போட்டுக் கை ஓயும்வரை சுற்றினான். ஒரு பொறிகூட வரவில்லை.

“பொறி குடுக்குற மேக்னெட்டோ செத்துப்போச்சு. சண்டை முடியிற வரைக்கும் இந்தச் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது” என்றான் மெக்கானிக். துரை உதட்டைப் பிதுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவன் மனைவி நாகம்மாளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “நீ நாடகத்துல சேந்திருக்கலாம்” என்றாள்.

ஓடுகிற வண்டி எதைக் கண்டாலும் பட்டாளத்தார் ஆவடி முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போன யுத்த காலம் அது. கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். போன வண்டி திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மணவாளனுடையது சின்ன லாரி. சுற்றுவட்டாரத்துக் கத்திரிக்காயும் கீரையும் கொத்தவால்சாவடிச் சந்தைக்குப் போய்ச் சேர்வது அதில்தான். அவன் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான்.

மற்றவர்களின் வண்டி வாங்கிய மூன்றாம் வருஷமே இரும ஆரம்பித்துவிடும். இவனுடையது பழசாகியும் அரைச் சுற்றில் கிளம்பும். வெள்ளிக்கிழமை தவறாமல் கிரீஸ் அடிப்பான், ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பான், ஒரு மூட்டை கூடுதலாக ஏற்ற வந்தவனை அடிக்கவே போவான். அப்படிப் போற்றிப் பார்த்ததே இப்போது வினையாகிவிட்டது. பட்டாளத்தான் கண்ணில் முதலில் படப்போவது இந்த வண்டிதான்.

தப்பிக்க வழி சொன்னவன் நெமிலிச்சேரி பிரகாசம். இருவரும் ஒரே ஏலத்தில் ஒரே மாதிரி வண்டி எடுத்த சிநேகிதர்கள். பிரகாசத்தின் வண்டி மட்டும் மேக்னெட்டோ போய், வீட்டுப் புளியமரத்தடியில் படுத்துவிட்டது. சக்கரத்தைச் சுற்றிப் புல்லே முளைத்திருந்தது.

“என்னோட செத்த மேக்னெட்டோவ உன் வண்டியில மாட்டிடு மச்சான். எவன் வந்து சுத்துனாலும் கெளம்பாது. உன்னோடத எங்கிட்ட குடு. உன் ஊட்ல வெச்சா சோதன போட்டு எடுத்துடுவானுங்க.”

“நீ மட்டும் இல்லாங்காட்டி நான் இன்னா பண்ணுவேன் மாமே!” மணவாளனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

“இன்னோன்னு கேட்டுக்கோ. தொர வந்து பாத்துகினு போனாலும், ஒரு வாரம் எங்க ஊட்டுப் பக்கமே வராத. எவனாவது பாத்துத் தொலைப்பான்.”

மணவாளன் பொறுத்தாலும் கத்திரிக்காய் பொறுக்குமா? துரை வந்துபோன மறுநாளே, செத்த மேக்னெட்டோவைக் கழற்றிக் கோணியில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். வழியில் பிரகாசத்துக்காக ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டான்.

நெமிலிச்சேரியில் புளியமரத்தடி காலியாக இருந்தது. நசுங்கிய புல்லும், புதிதாகச் சொட்டிய எண்ணெயும்தான் கிடந்தன.

வாசற்படியில் பிரகாசம் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஞானகுமாரி, வந்தவனை ‘வா’ என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

“உன் வண்டி எங்க மாமே?”

மணவாளன் மரத்தடியில் சொட்டியிருந்த எண்ணெயைத் திரும்பிப் பார்த்தான்.

“என் மேக்னெட்டோவ மாட்டி ஓட்டுனியா?”

“நேத்து தொர உங்க ஊருக்குத்தான் வரான்னு தெரியும். இங்க ரோடு காலியா கெடக்கும்னு...” பிரகாசம் தரையைப் பார்த்தே பேசினான். “எத்தினி நாளு மச்சான் அத்த வெறுமனே பாத்துகினு கெடக்கறது? சூளையில செங்கல்லு லோடு அடிக்கக் கூப்புட்டாங்க.”

“அப்ப, ஒரு வாரம் வராதன்னு சொன்னது இதுக்குத்தானா? ஒரு வாரம் கழிச்சு நான் வந்து கேட்டிருந்தா, எந்த மேக்னெட்டோன்னு கேட்டிருப்ப. அப்படித்தான?”

பிரகாசம் இல்லையென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது மணவாளனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கூடப் பிறந்தவனுக்குக்கூடத் தராத சாமானை இவனை நம்பித் தந்தான். துரையை ஏமாற்றிவிட்டதாக நேற்றெல்லாம் பூரித்துக் கிடந்தவனை, இவன் அதற்கும் முன்னாலேயே ஏமாற்றிவிட்டான். மணவாளனுக்கு நெஞ்சு எரிந்தது. வாழைப்பழச் சீப்பை வேலிக்கு அப்பால் வீசினான். கோணியிலிருந்து செத்த மேக்னெட்டோவை எடுத்துப் பிரகாசத்தின் காலடியில் போட்டான்.

“இந்தா, உன் சாமான். இனிமே உன் சங்காத்தமே வேணாம். வண்டிய எங்க நிறுத்திகீறன்னு மட்டும் சொல்லு. என் கையாலயே கழட்டிகினு போறேன்.”

பிரகாசம் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

“அத்த உங்க ஊர்லேர்ந்து திரும்பி வர்றப்ப அந்தத் தொரையே வழியில புடிச்சிகினு பூட்டான், மச்சான்.”