மஞ்சள் வரவில்லை

“லெட் நைட்ரேட், தாயி. மறந்துறாத. வேற எதையும் நெனச்சுக் கொழப்பிக்காத.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சோணைமுத்து மகளின் காதருகே சொன்னார். சேதுலட்சுமி தாவணியைச் சரிசெய்துகொண்டு பள்ளி வாசலைப் பார்த்து நடந்தாள். அன்று அவள் படிக்கும் பள்ளியில்தான் மாவட்ட வேதியியல் போட்டி. அதே பள்ளியின் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக அட்டெண்டர் சோணைமுத்து.

எழுத்துத் தேர்வைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பாடத்திட்டத் தாளைச் சோற்றுப்பருக்கை தடவி வீட்டுச் சுவரில் ஒட்டி, படித்து முடித்ததையெல்லாம் மகள் ஒவ்வொன்றாக அடித்துவிட்டாள். அவரை உறுத்தியது கடைசிச் சுற்றுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பொடியைக் கொடுத்து, இது என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முதலில் வருகிறவருக்கு மதுரைக் கல்லூரியில் இடம், விடுதியும் சேர்த்து. வராவிட்டால் அவள் அம்மாவோடு மிளகாய்க் கொல்லைக்குப் போக வேண்டியதுதான். அதற்கு மேல் படிக்கவைக்க அவருக்கு வக்கில்லை.

மூன்று மாதமாகப் பள்ளி விட்டதும் ஆய்வகத்தில் பயிற்சி. அவர் ஏதாவது ஓர் உப்பை மடித்துக் கொடுப்பார்; அவள் கண்டுபிடிப்பாள். சில நாள் பஸ் போய்விடுமே என்று அவசரப்பட்டு ஊகத்தில் எழுதிவிடுவாள். “குழாயக் கேளு தாயி, அது பொய் சொல்லாது” என்று அதட்டுவார். அப்படி அதட்டிய வாய்தான் இன்றைக்கு விடையைச் சொன்னது. என்ன இருந்தாலும் பெற்றவர் அல்லவா?

வழக்கமாகப் போட்டிக்கு உப்பு மடிப்பதும் அவர்தான். இந்தத் தடவை வேதியியல் ஆசிரியர் பொன்னுச்சாமி, “நானே மடிச்சுட்டேன் சோணைமுத்து. லெட் நைட்ரேட்தான். நீங்க குழாயக் கழுவி வச்சாப் போதும்” என்று நேற்றே சொல்லிவிட்டார். வேலை மிச்சம் என்று இவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

தொண்டி, உச்சிப்புளி என்று பல ஊர்ப் பிள்ளைகள் பதினாலு பேர் மேசைகளில் வரிசையாக நின்றார்கள். சோணைமுத்து தண்ணீர் வாளியோடு அங்குமிங்கும் நடந்தார். கண் மட்டும் மகள் மேல்.

சேதுலட்சுமி உப்பைக் கரைத்து, அதில் பொட்டாசியம் அயோடைடு விட்டாள். லெட் என்றால் மஞ்சள் அரைத்துக் கரைத்தது மாதிரி குழாய் மாற வேண்டும். மாறவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். தெளிந்த தண்ணீராகவே நின்றது.

அவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். பதற்றத்தில் பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டாளா? வாளியை அவள் பக்கத்தில் வைக்கிற சாக்கில் குனிந்து, “வராட்டி விடு. லெட்டுன்னு எழுது” என்று முணுமுணுத்தார்.

அவள் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வேறு குழாய்களை எடுத்து என்னென்னவோ செய்தாள். மணி அடிக்கப்போகும் நேரத்தில் எழுதிக் கொடுத்தாள். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மத்தியானம் சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“அய்யா, கோவிச்சுக்கிறாதீங்க. நான் லெட்டுன்னு எழுதல.”

சோற்றுருண்டை அவர் கையிலேயே நின்றது. “பெறகு என்னத்த எழுதின?”

“ஜிங்க் சல்பேட்டுன்னு.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல. சாரே மடிச்சது, சாரே வாயால சொன்னது.”

“மஞ்சள் வரலய்யா. மூணு தடவ பாத்துட்டேன். ஜிங்க்குக்கு உள்ளதுதான் எல்லாம் வந்துச்சு.”

“உங்கய்யா பேச்சவிட ஒனக்குக் குழாய் பெருசாப் போச்சாக்கும்.”

“நீங்கதான குழாயக் கேளுன்னீங்க.”

அதற்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மதுரையாவது, கல்லூரியாவது! பெற்ற பிள்ளைமேல் இவ்வளவு கோபம் அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை.

“சோணைமுத்து” என்று கூப்பிட்டுக்கொண்டே பொன்னுச்சாமி சார் வந்தார். “சேதுதான் முதல். மதுரைக்குப் பொட்டி கட்டச் சொல்லுங்க.”

சோணைமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. எச்சில் கையோடு எழுந்து நின்றார். சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அட்டெண்டர் மகளே போட்டியில இருக்கா, விடை வெளிய போயிரும்னு மத்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க எழுதிப் போட்டாங்க. அதனால நான் மடிச்சது ஜிங்க் சல்பேட். லெட்டுன்னு உங்க ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ தாள்ல லெட்டுன்னு இருந்திருந்தா பரிசும் போயிருக்கும், உங்க வேலையும் போயிருக்கும்.”

சேதுலட்சுமி தலையைக் குனிந்து தூக்குச்சட்டியை மூடினாள். பொன்னுச்சாமி சார் அந்த எச்சில் கையையே பிடித்துக்கொண்டு சொன்னார்:

“உங்களப் போயி சந்தேகப்பட்டேனே. என்னய மன்னிச்சிருங்க.”